மயில் கழுத்து நிறத்தில் ஒரு கார்

ஒரு நாளிதழில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். என் கண்ணுக்குத் தப்பி அச்சேறிய பிழைகள் பல உண்டு. அவற்றில் மிகப் பெரியது பதினான்கு அடி நீளம் இருந்தது. நான்கு சக்கரமும் இருந்தது.

கார் என் மனைவியுடையது. திண்டுக்கல்லில் மருந்துக் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா ஓட்டியது. கம்பெனிப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், படிப்பவர்கள் ஆளுக்கொரு பெரியப்பா கார் கதையை எடுத்துவிடுவார்கள். மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிய வாரமே என் மாமனார் காரை அவள் பெயருக்கு மாற்றினார். மகன் இருக்கும்போது மகளுக்கா என்று கேட்டவர்களிடம், "அவன் கிளட்சை மிதிச்சே கொன்னுடுவான்" என்று மட்டும் சொன்னாராம்.

பெயர் மாற்றியதோடு புதிதாகப் பெயிண்டும் அடித்தார். என்ன நிறம் என்று பெயிண்டர் கேட்டபோது வீட்டுக்குள் போய், மாமியாரின் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்து கொடுத்தார். மயில் கழுத்து. பட்டுப் புடவை வாங்கப் போய்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒரு நிறம், பச்சையும் நீலமும். துணியை அசைத்தால் ஒன்று மறைந்து மற்றது எழும். பெயிண்டர் இதை எதை எதைக் கலந்து தகரத்தில் கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது. கொண்டுவந்துவிட்டார். வெயிலில் நிற்கும்போது அந்தக் கார் நீலம். நிழலில் பச்சை.

போக்குவரத்து அலுவலகத்து எழுத்தருக்கு நிறம் பற்றிக் குழப்பம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் அதற்கான கட்டம்தான் குறுகல். 'பீகாக் நெக்' என்பது அதில் அடங்காது. ஆகவே ஆங்கிலத்தில் ஒரு பி, ஒரு புள்ளி, பிறகு என், கே என்று சுருக்கி, மைப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டார்.

என் மனைவிக்கு மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் வேலை கிடைத்தபோது, ஓய்வு பெற்றிருந்த நானும் கூட வந்தேன். வந்த இரண்டாம் வருடம் மாமனார் காலமானார். காரைக் கல்யாண வாடகைக்கு விடலாம் என்று மைத்துனன் தொலைபேசியில் யோசனை சொன்னான்.

"அக்கா, முன்னாடி ரோஜாப்பூ, பின்னாடி ஜரிகை. முகூர்த்த மாசத்துல நிக்கவே நிக்காது."

"கப்பல்ல ஏத்து" என்றாள் இவள்.

"எங்க?"

"இங்க."

எதற்கு என்று நானும் கேட்டேன். சனிக்கிழமைகளில் பொந்தியான் வரை போய் மீன் வாங்கி வரலாம் என்றாள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மீன் கிடைத்தது.

துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம். லாபிஸ் ஊர்க்காரர், தமிழர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. எதைக் கேட்டாலும் "போலே" என்பார். முடியும் என்பதற்கு மலாய்ச் சொல். அந்தச் சொல்லை நம்பலாம். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

பழைய கார்களைக் கொண்டுவர இறக்குமதி அனுமதி ஒன்று உண்டு, அது வாங்கித் தருகிறேன் என்றார். அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் கார் வந்து இறங்கி, பரிசோதனையில் தேறி, ஜொகூர் எண் வாங்கிவிட வேண்டும்.

"வாங்கலன்னா?" என்றாள் மனைவி.

"திரும்ப கப்பல்ல ஏத்தணும் அக்கா. ஏத்தலன்னா ஆபீஸருங்க முன்னாடி நசுக்கிடுவாங்க." குடித்து முடித்திருந்த பான டின்னை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்து அழுத்தினார். "இப்படி."

அவள் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, மலாயில் தட்டெழுதிய விண்ணப்பத்தை ஏஜெண்ட் சரிபார்க்க அனுப்பினார். எனக்குத் தெரிந்த வேலை. அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். முகவரியில் அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் தவறு. மனைவி பெயரில் ஓர் எழுத்து கூடுதல். இரண்டையும் திருத்தினேன்.

நிறம் என்ற கட்டத்தில் 'மெரா ஜம்பு' என்று இருந்தது.

எனக்கு அப்போது மலாய் அரைகுறை. ஆனால் மயிலுக்கு மலாயில் 'மெராக்' என்று பறவைப் பூங்காவின் கூண்டுப் பலகையில் படித்திருந்தேன். இங்கே கடைசி எழுத்து மட்டும் வேறு, ஆங்கில கே-க்குப் பதில் எச். மலாய்க்காரர்கள் கடைசி 'க்'கைப் பாதி விழுங்கிவிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். எழுதும்போதும் விழுங்கியிருக்கலாம். அடுத்தது ஜம்பு. இதற்கு அகராதியே வேண்டாம். ஜம்பு என்றால் நாவல். ஜம்புத் தீவைத்தானே நாவலந்தீவு என்றார்கள். மயில், நாவற்பழம். பறவையும் கனியுமாக ஒரு நிறத்துக்கு எவ்வளவு நயமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வியந்து, ஓரத்தில் சரி என்று குறியிட்டேன்.

"கலர் சரியா போட்டிருக்காங்களா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"நம்மளைவிட அழகா எழுதியிருக்கான்" என்றேன்.

இந்த வாக்கியத்தை அவள் பின்னர் பல சந்தர்ப்பங்களில் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

அனுமதி வந்தது. கார் கப்பல் ஏறி வந்து பாசிர் கூடாங்கில் இறங்கியது. கப்பல் நிறுவனத்துக்கு ஏதேதோ தாமதங்கள். அனுமதிக் காலத்தின் பெரும்பகுதியைக் கார் கடலிலேயே கழித்திருந்தது. கொள்கலத்தைத் திறந்த சுங்க அதிகாரி உள்ளே இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவருக்கு வேண்டியது எண்கள். சேஸிஸ் எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழுந்து வந்த எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டு முத்திரை குத்தினார். இருட்டில் எல்லாக் காரும் கறுப்பு.

அடுத்த திங்கட்கிழமை இழுவை லாரியில் ஏற்றிப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அனுமதி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. பரிசோதகர் ஒரு மலாய் இளைஞர். நிதானமானவர். பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், புகை பார்த்தார். ஹார்னை அடித்துவிட்டுச் சிரித்தார், மறுபடியும் அடித்தார். எல்லாவற்றுக்கும் குறி போட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். காகிதத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். என் மனைவியிடம் திரும்பினார்.

"இனி வர்ணா அப்பா?"

அவள் முகம் மலர்ந்தது. "ஆமாமா" என்றாள். "அப்பா வர்ணம்தான். அவர் அடிச்சதுதான்."

ஏஜெண்ட் இருமினார். "அக்கா, அவரு உங்க அப்பாவைக் கேக்கல. மலாயில 'அப்பா'ன்னா 'என்ன'. இது என்ன கலர்னு கேக்கறாரு." சொல்லிக்கொண்டே பரிசோதகர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தவர், "அலமாக்" என்றார். ஐயையோ என்பதற்கு இங்கே அதுதான்.

"என்ன?"

"சார், இதுல பிங்க்னு இருக்குலா."

மெரா என்றால் சிவப்பு. மயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜம்பு, இந்த நாட்டில் நாவல் அல்ல. "ஜம்பு தெரியாதா சார்? ரோட்டோரம் வெட்டி, புளிப்புப் பொடி போட்டு விக்கறாங்களே. நீங்ககூட அன்னைக்கு வாங்கித் தின்னீங்க." தின்றிருந்தேன். வெளுத்த சிவப்பாக, மணி போலத் தொங்கும் பழம். இரண்டும் சேர்ந்தால் மலாயில் இளஞ்சிவப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பிங்க்.

"நீங்க ஏன் பிங்க்னு போட்டீங்க?" என்றாள் மனைவி ஏஜெண்டிடம்.

அவர் கைப்பேசியில் ஆர்.சி. புத்தகத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். திண்டுக்கல் எழுத்தர் வைத்த புள்ளியில் மை ஊறி, கீழ்நோக்கி இழுபட்டு, ஒரு கோடாகியிருந்தது. பி-க்கும் என்-னுக்கும் நடுவில் ஆங்கில ஐ ஒன்று நிமிர்ந்து நின்றது. பி, ஐ, என், கே. யார் படித்தாலும் பிங்க்.

"நான் அப்பவே நெனச்சேன் அக்கா, இந்தியாவுல பிங்க்ல எல்லாம் கார் ஓட்டுவாங்களான்னு. சார் பாத்துட்டு டிக் போட்டாரு. சரி, ஓட்டுவாங்க போலன்னு விட்டுட்டேன்."

மனைவி என்னிடம் திரும்பினாள். வாகன நிறுத்தத்தில், உச்சி வெயிலில், நாவலந்தீவு பற்றிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

"இங்கிலீஷ்ல ஒரு பிழை. மலாய்ல ஒரு பிழை. நடுவுல உக்காந்து நீங்க புராணம் படிச்சீங்க?"

பரிசோதகர் வருத்தத்தோடு 'தேறவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் உள்ள கார் பிங்க்; எதிரில் நிற்கும் கார் பிங்க் அல்ல. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஏஜெண்டிடம் உடனே ஒரு வழி இருந்தது. "மாசாய்ல என் மச்சான் பட்டறை வச்சிருக்கான். ரெண்டே நாள், பிங்க் அடிச்சிடலாம். பாஸ் ஆயிடும். அப்புறம் ஃபாரம் போட்டு வேற கலர் மாத்திக்கலாம். எல்லாம் சட்டப்படிதான் சார்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பட்டதை முகத்தில் காட்டிவிட்டேன்.

"இந்தப் பெயிண்டைச் சுரண்டினா திரும்ப வராது" என்றாள் மனைவி. "கலந்தவர் இப்ப இல்ல. எப்படிக் கலந்தார்னு எழுதியும் வைக்கல."

"அக்கா, நேரம் இல்ல. நசுக்கிடுவாங்க அக்கா."

"நசுக்கட்டும். இந்தக் கலர்லயே நசுங்கட்டும்."

இதற்குமேல் அவளோடு பேசிப் பயனில்லை என்பது எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். ஏஜெண்டுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

பிங்க் வேண்டாம் என்றால் காகிதத்தைத் திருத்த வேண்டும். அதற்குத் திண்டுக்கல் அலுவலகத்திலிருந்து, அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது என்ன என்று ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் கோலாலம்பூரில் அனுமதி கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும். பிறகு ஜொகூரில் திருத்த வேண்டும். அந்தச் சமயம் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். ஜொகூர் ஞாயிற்றுக்கிழமை விழித்துக்கொள்ளும்போது மற்ற இரண்டு ஊர்களும் தூங்கும். அவை வெள்ளிக்கிழமை வேலை செய்யும்போது இது தூங்கும். நாட்காட்டியில் கட்டம் கட்டிப் பார்த்தேன். அனுமதி முடிவது ஒரு சனிக்கிழமை. அதாவது, உண்மையில் முடிவது அதற்கு முந்தைய வியாழக்கிழமை.

மைத்துனனை அழைத்தோம். காரை விட்டுக்கொடுத்த கோபம் அவனுக்கு ஆறவில்லை.

"கல்யாணத்துக்கு விட்டிருந்தா பூவே மறைச்சிருக்கும். எவன் கலர் கேக்கப்போறான்?"

"போடா ஆபீஸுக்கு" என்றாள் அக்கா.

போனான். அங்கே மேசையில் இருந்த பெண் ஊழியர் ஆர்.சி. புத்தகத்தின் படத்தைப் பார்த்த உடனே, "மயில் கழுத்துங்க இது" என்றாராம். பிங்க் என்று படித்த கதையைச் சொன்னபோது, "யாருங்க அப்படிப் படிச்சது, படிச்சவங்களா?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் மைத்துனனுக்கு இல்லை. இரண்டு முறை சொன்னான்.

வெள்ளிக்கிழமை கடிதத்தின் நகல் மின்னஞ்சலில் வந்தது. சுருக்கம் எதுவும் இல்லாமல், 'பீகாக் நெக்' என்று முழுதாக, கையொப்பமும் முத்திரையும் வைத்து. வெள்ளிக்கிழமை என்பதால் ஜொகூரில் காட்ட ஆளில்லை. கோலாலம்பூருக்கு அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: நாங்கள் அனுமதித்தது காரை, நிறத்தை உங்கள் ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜொகூர் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரியைப் பார்க்க நேரம் கேட்டோம். வியாழக்கிழமை காலை கிடைத்தது.

அதிகாரி ஐம்பது வயதிருக்கும் மலாய்ப் பெண்மணி. மேசையில் சின்னக் கள்ளிச்செடி. எண் வாங்காத காரை ஓட்டி வர முடியாது என்பதால், ஏஜெண்ட் கைப்பேசியில் முப்பது படங்கள் எடுத்து வந்திருந்தார். அதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பாதியில் நிறுத்தி ஏதோ கேட்டார். ஏஜெண்ட் மொழிபெயர்த்தார்.

"மொத்தம் எத்தனை கார் கொண்டாந்தீங்கன்னு கேக்கறாங்க."

"ஒண்ணு" என்றாள் மனைவி.

துறைமுகக் கூரைக்கடியில் எடுத்த படத்தில் பச்சைக் கார். தேறாத காரை நிறுத்தி வைத்திருந்த ஏஜெண்டின் மச்சான் பட்டறை வாசலில் எடுத்ததில் நீலக் கார். அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சேஸிஸ் எண்ணின் படத்தைக் காட்டி, ஒரே கார்தான் என்று நம்ப வைக்கச் சிறிது நேரம் ஆனது. பிறகு திண்டுக்கல் கடிதத்தைப் படித்தார். கணினியில் மயிலைத் தேடி எடுத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கழுத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டி, ஆங்கிலத்திலேயே கேட்டார்: "இது என்ன நிறம்?"

"நீலம்" என்றேன்.

"பச்சை" என்றாள் மனைவி, அதே நொடியில்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். அவருடைய பட்டியலில் கழுத்துக்கு இடம் இல்லை. ஹிஜாவ் உண்டு, பச்சை. பீரு உண்டு, நீலம். ஒன்றைத்தான் எழுத முடியும். நான் நீலத்தின் தரப்பை எடுத்து வைத்தேன். மயிலை நாமே நீலமயில் என்கிறோம். திரையில் தெரிவதும் நீலம்தான். காரைத் திறந்த வெளியில்தான் ஓட்டப்போகிறோம், ஆகவே வெளிச்சத்து நிறமே அதன் நிறம். நான்காவது வாதத்தைத் தொடங்கும்போது அதிகாரி கையை உயர்த்தி, கார் யாருடையது என்றார்.

"சார்" என்றார் ஏஜெண்ட் மெதுவாக, "போன தடவையும் நீங்கதான் கலர் பாத்தீங்க. கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"பச்சை" என்றாள் கார்க்காரி.

உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டாள். அதிகாரி ஹிஜாவ் என்று திருத்தி, ஒரு எச்சரிக்கையும் சொன்னார். பரிசோதகர் பார்த்து அதையே எழுத வேண்டும். அவர் வேறு ஏதாவது எழுதினால், இன்றைக்குள் இன்னொரு திருத்தம் செய்ய முடியாது.

இழுவை லாரி காரைப் பரிசோதனை நிலையத்தில் இறக்கியபோது மணி இரண்டேகால். இரண்டு நாளாக மழை பெய்துகொண்டிருந்த ஊரில் அன்றைக்கு ஒரு பொட்டு மேகம் இல்லை. கார் முற்றத்தின் நடுவில் நின்றது. இங்கே பள்ளிக்கூடப் பெண்கள் போடும் பாவாடையைப் போல, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத நீலம்.

அதே பரிசோதகர். எங்களைப் பார்த்து மகிழ்ந்தார். ஹார்னை ஒரு தடவை அடித்தார். காகிதத்தை எடுத்தார். ஹிஜாவ். காரைப் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார். மிகவும் சங்கடப்பட்டு, "பீரு" என்றார்.

ஏஜெண்ட் மலாயில் பேசத் தொடங்கினார். கடிதத்தைக் காட்டினார், கழுத்தைத் தடவிக் காட்டினார், கைகளை விரித்துத் தோகை காட்டினார். பரிசோதகர் தலையை ஆட்டிக்கொண்டே, "பீரு, பாங், பீரு" என்றார். நீலம், அண்ணே, நீலம். எனக்கு அவர் சொல்வது சரி என்றே பட்டது. இந்த முறை முகத்தில் காட்டவில்லை.

மனைவி காரில் ஏறினாள்.

"அக்கா, எங்க போறீங்க?"

என்ஜின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தபடி, பிரேக் சோதிக்கும் தகரக் கொட்டகைக்குள் காரைப் பின்னோக்கி விட்டாள். கொட்டகையின் நிழல் முதலில் டிக்கியைத் தொட்டது. டிக்கி பச்சையாயிற்று. பின்கதவுகள் பச்சையாயின. அப்போது என்ஜின் நின்றுவிட்டது.

பாதிக் கார் பச்சை. பாதிக் கார் நீலம். கூரையின் நிழல் சரியாக நடுவில், அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல விழுந்திருந்தது.

பரிசோதகர் சிரிக்க ஆரம்பித்தார். காகிதம் செருகிய அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து சிரித்தார். உள்ளேயிருந்து மனைவி, "நின்னு என்ன பாக்கறீங்க, தள்ளுங்க" என்றாள். நானும் ஏஜெண்டும் முன்னாலிருந்து தள்ளினோம். பழைய கார், முழுக்க இரும்பு, அசையவில்லை. பரிசோதகர் அட்டையைத் தரையில் வைத்துவிட்டு வந்து ஒரு தோள் கொடுத்தார். நீலம் எங்கள் கைகளுக்கடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போய், பானெட்டின் நுனி வரை பச்சை வந்து சேர்ந்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு காரை ஒரு முறை சுற்றினார். வெயிலுக்கு வந்து பார்த்தார். திரும்ப உள்ளே போனார். சாப்பாடு முடித்து வாயைத் துடைத்தபடி கொட்டகையின் பின்வழியாக வந்த சக ஊழியரை நிறுத்தி, காரைக் காட்டி என்னவோ கேட்டார். வெயிலில் நின்ற காரைப் பார்த்திராத அந்த மனிதர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு, "ஹிஜாவ்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிசோதகர் தரையிலிருந்த அட்டையை எடுத்துக் குறி போட்டார்.

மூன்றே முக்காலுக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் எண் கொடுத்தார்கள். நிறம் என்ற இடத்தில் ஹிஜாவ். இந்த முறை எழுத்து எழுத்தாகப் படிக்க என்னிடம் யாரும் காகிதத்தைத் தரவில்லை; மனைவியே படித்தாள், ஏஜெண்டும் படித்தார். எண் பலகையை எதிர்க்கடையில் செய்து வாங்கிப் போய், பரிசோதனை நிலையத்தில் நின்ற காரில் மாட்டினோம். இழுவை லாரிக்காரரை அனுப்பிவிட்டோம்.

"தம்பிக்கு ஒரு படம் அனுப்புங்க" என்றாள் மனைவி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து. "நம்பர் தெரியணும். கலரும் தெரியணும்."

எடுத்தேன். நாலரை மணி வெயிலில், படத்தில் நின்ற கார் சுத்தமான நீலம். அதை அழித்தேன். தூரத்தில், துறைமுகப் பக்கமாக, ஒரே ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. கைப்பேசியைப் பிடித்தபடி, அது வந்து சேரும்வரை வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.